சின்னக்கை முடுக்கிய பத்தொன்பது கதவுகள்

என் அப்பாவோடு பிறந்தவர்கள் ஐந்து பேர். அதில் கடைசிச் சித்தப்பாவுக்கு மூன்று பெண்கள். மூத்தவள் நல்ல உயரம், இளையவள் நல்ல நிறம், நடுவில் பிறந்தவளுக்கு வாய்த்தது கை மட்டும்தான். வளர்ந்து ஆளான பிறகும் அது பத்து வயதுப் பிள்ளையின் கைபோல மெலிந்தே இருந்தது. விரல்கள் நீளம். உள்ளங்கை மணிக்கட்டைவிடக் கொஞ்சம்தான் அகலம். அலமாரிக்குப் பின்னால் சாவி விழுந்தாலும், குறுகிய வாய் ஜாடிக்குள் மூடி விழுந்தாலும் அவளைத்தான் கூப்பிடுவோம். சின்னக்கை என்று பெயர் வைத்தது அவள் அக்காதான். "கை சின்னது, வாய் பெரிசு, ரெண்டையும் கூட்டிக் கழிச்சா சரியாப் போச்சு" என்பாள். வாய் பெரிசுதான், நான் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் சொல்லியே ஆக வேண்டிய ஒன்றைச் சொல்லாமல் அந்த வாயை அவள் ஆறு மாதம் மூடிவைத்திருந்தாள்.

அவள் வாழ்க்கைப்பட்ட வீட்டில் நான்கு ஆண்பிள்ளைகள். புருஷன் மூத்தவர். கடைக்குட்டிக் கொழுந்தனுக்கு அப்போது பதினொரு வயது. மாமியார் அதற்கு முன்பே தவறிவிட்டதால், அவனுக்குத் தலை வாரிவிட்டதும், காய்ச்சல் வந்தால் நெற்றியில் ஈரத்துணி போட்டதும், வாத்தியார் கூப்பிட்டு அனுப்பினால் போய்த் திட்டு வாங்கிக்கொண்டு வந்ததும் இவள்தான். அவனுக்கு இவள் அண்ணி, இவளுக்கு அவன் தம்பி. வளர்ந்த பிறகு அவன் கை இரண்டும் மண்வெட்டி மாதிரி ஆகிவிட்டன. வீட்டில் அவன் தொட்டு உடையாத தம்ளர் கிடையாது. கவனம் இல்லாதவன் என்று சின்ன வயதிலேயே பெயர் எடுத்துவிட்டான். அப்படி எடுத்த பெயர் லேசில் போகுமா?

அவள் புருஷன் ஒரு கார் ஷெட்டில் கதவுகளுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். பெயிண்ட் புகை நெஞ்சில் இறங்கி, மூச்சு இழுக்கத் தொடங்கியதும் வீட்டோடு உட்கார்ந்துவிட்டார். அவருடைய மாற்றுத்துணியும் சாப்பாட்டு டப்பாவும் ஷெட்டிலேயே கிடந்தன. எடுத்துவர இவள் போனாள். அங்கே மூன்று ஆண்கள் ஒரு கார்க் கதவைச் சுற்றி உட்கார்ந்து, உள்ளே விழுந்த நட்டு ஒன்றைக் காந்தம் கட்டிய கம்பியால் துழாவிக்கொண்டிருந்தார்கள். இவள் டப்பாவைக் கீழே வைத்தாள், கையை விட்டாள், நட்டை எடுத்து நீட்டினாள். பெரிய முதலாளி, அதாவது இப்போதைய முதலாளியின் அப்பா, நாளைக்குக் காலையில் வந்துவிடு என்றார். அது நடந்து இருபத்திரண்டு வருஷம். நான்கு வருஷம் கழித்து, எங்கேயும் நிலைக்காமல் சுற்றிக்கொண்டிருந்த கொழுந்தனையும் இவன் என் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்து அங்கேயே சேர்த்துவிட்டாள்.

அந்த ஷெட்டில் கார்க் கதவும் கண்ணாடியும் மட்டும்தான் பார்ப்பார்கள். சுவிட்சை அழுத்தினால் கண்ணாடி ஏறும், இறங்கும், நமக்கு அவ்வளவுதான் தெரியும். கதவுக்குள்ளே ஓர் இரும்புத் தடம் நிற்கிறது. அதில் ஒரு பிடி மேலும் கீழும் ஓடுகிறது. கண்ணாடியின் அடி ஓரம் அந்தப் பிடியின் வாய்க்குள் உட்கார்ந்திருக்கும். இரண்டு பக்கமும் ரப்பர், நடுவில் கண்ணாடி. ஒரு போல்ட்டை முடுக்கினால் வாய் இறுகிக் கவ்விக்கொள்ளும். கண்ணாடியில் ஓட்டையும் கிடையாது, பசையும் கிடையாது. கவ்வுகிற கவ்வில்தான் எல்லாம் நிற்கிறது. அது விட்டுப்போனால் கண்ணாடி தொபுக்கென்று கதவின் அடிக்குப் போய்விடும்.

திரும்ப அதைத் தடத்தில் மாட்ட இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கண்ணாடியின் ஓரத்தையும் ரப்பரையும் ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட்டு, கண்ணாடியை இரண்டு உள்ளங்கையாலும் அழுத்திப் பிடித்து மேலே தூக்கி, கதவுச் சட்டத்துக்குள் நேராக நிறுத்த வேண்டும். இன்னொருவர் கதவின் உள்தகட்டில் இருக்கும் ஓட்டை வழியாகக் கையை விட்டு, கண்ணால் பார்க்காமல் விரலால் தடவியே போல்ட்டைக் கண்டுபிடித்து முடுக்க வேண்டும். ஒருவர் பிடிக்கிறவர், மற்றவர் முடுக்குகிறவர். கொழுந்தன் பிடிக்கிறவன், அண்ணி முடுக்குகிறவள். மற்ற ஷெட்டுகளில் கை நுழையாமல் உள்தகட்டையே கழற்றி அரை நாள் ஆக்குவதை இவர்கள் முக்கால் மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள். கண்ணாடி கோணலாக ஏறினால் முடுக்கியவர் தப்பு. வழுக்கி விழுந்தால் பிடித்தவர் தப்பு, அவர் சரியாகத் துடைக்கவில்லை என்று அர்த்தம். பெரிய முதலாளி காலத்திலிருந்து அந்த ஷெட்டில் அதுதான் சட்டம்.

ஐம்பத்தாறாவது வயதில் சின்னக்கையின் விரல் முட்டிகள் வீங்க ஆரம்பித்தன. முதலில் காலையில் மட்டும். பிறகு நாள் முழுக்க. ஒருநாள் மோதிரம் கழலவே இல்லை. சோப்பு போட்டு உருவி எடுத்தாள். அடுத்த வாரம் ஒரு காரின் பின்கதவில் கையை விட்டால் முட்டியோடு நின்றுவிட்டது. பின்கதவு ஓட்டை எப்போதுமே முன்கதவைவிடச் சிறியது. வியர்த்துப்போய்க் கையை எடுத்தவள், தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று குழாயடிக்குப் போனாள். அங்கே கிடந்த சோப்பை நனைத்துக் கையில் தடவிக்கொண்டு வந்தாள். கை வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. போல்ட்டை முடுக்கினாள், வெளியே எடுத்தாள், யாருக்கும் தெரியவில்லை. அன்று முதல் பழைய மூக்குக்கண்ணாடிக் கூடு ஒன்றில் சோப்புத் துண்டு வைத்துக்கொண்டாள். விரல் முட்டி வலி என்று வீட்டில் புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. கை நுழையாத சின்னக்கை அந்த ஷெட்டில் எதற்கு? கூட்டிப் பெருக்கவும் தேநீர் வாங்கிவரவும் வேறு ஆள் இருந்தது.

இப்போது நர்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். வீடு வீடாகப் போய் நோயாளிகளையும் பிள்ளை பெற்றவர்களையும் பார்க்கிற நர்ஸ் அவர். சொந்தமாக ஒரு சின்ன கார் வைத்திருந்தார். நடக்க முடியாதவர்களைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு போவார். உள்ளே மருந்து நெடி அடிக்கும் என்பதால் மழையானாலும் பின்கதவுக் கண்ணாடி பாதி இறங்கியே இருக்கும். அந்தக் கண்ணாடி தடத்தைவிட்டுக் கழன்று இந்த ஷெட்டுக்கு வந்தது. மாட்டினார்கள். மூன்று வாரத்தில் மறுபடியும் விழுந்தது. முதலாளி கொழுந்தனிடம், ஒழுங்காகத் துடைங்க என்று மட்டும் சொன்னார். அவன் அன்று இரண்டு தடவை துடைத்தான். மாட்டினார்கள். பத்தே நாளில் மறுபடியும் விழுந்தது. அப்போது பின்சீட்டில் நான்கு நாள் குழந்தையோடு ஒரு தாய் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி விழுந்த சத்தத்தில் தாய் அலற, நர்ஸ் நடுரோட்டில் பிரேக்கை மிதித்துவிட்டார். நல்லவேளை பின்னால் வண்டி இல்லை.

அன்று சாயந்தரம் நர்ஸ் போனில் பேசியதைச் சின்னக்கையும் கேட்டாள். அப்போதுதான் அவள் மனதில் இரண்டும் இரண்டும் சேர்ந்தன. கை உள்ளே போகும்போது விரல் ரப்பரில் படுகிறது, கண்ணாடி ஓரத்தில் படுகிறது. சோப்பு காய்ந்துவிட்டால் ஒன்றும் ஆகாது என்று நினைத்திருந்தாள். மழைத்தண்ணீர் இறங்கினால் காய்ந்த சோப்பு மறுபடியும் சோப்புத்தானே?

கொழுந்தன் ஷெட்டைப் பூட்டும்போது கேட்டான். "நான் தொடைச்சேன்ல அண்ணி? நீங்க பாத்தீங்கல்ல?"

தொடைச்சே, பார்த்தேன் என்றாள். அவன் மறுபடியும் அதையே கேட்டுவிட்டு, ஸ்பிரிட்டில் ஏதாவது கலந்திருக்குமோ என்றான். இருக்கலாம் என்றாள். இராத்திரி வீட்டுக்கு வந்தும் அவன் அதையே பேசிக்கொண்டிருந்தான் என்று அவன் சம்சாரம் பிறகு சொன்னாள். என் கைதான் ராசியில்லாத கை என்று சாப்பிடாமல் படுத்துவிட்டானாம்.

மறுநாள் காலை பத்தரை மணிக்கு நர்ஸ் காரைக் கொண்டுவந்து ஷெட்டுக்குள் நிறுத்தினார். வெளியே தூறல். பன்னிரண்டு மணிக்கு ஒரு அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும், அதற்குள் முடியுமா முடியாதா என்று மட்டும் கேட்டார். கோபமாகப் பேசவில்லை. அதனாலேயே முதலாளிக்கு முகம் கருத்துப்போனது. கதவின் உள்பலகையைக் கழற்றினார்கள். பிளாஸ்டிக் தாளை உரித்தார்கள். பழைய ரப்பர் இரண்டையும் எடுத்துத் தட்டில் போட்டுவிட்டுப் புது ரப்பர் எடுத்துவைத்தான் கொழுந்தன். முதலாளி ஒரு ஸ்டூலை இழுத்துக் கதவுக்கு ஒரு முழம் தள்ளிப் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னிக்கு என் கண்ணு முன்னாடி தொடைங்க" என்றார் கொழுந்தனிடம். "நான் பாத்துக்கிட்டே இருக்கப்போறேன். நின்னுச்சுன்னா இத்தனை நாள் நீங்க தொடைக்கலைன்னு அர்த்தம். விழுந்துச்சுன்னா இன்னும் தொடைக்கத் தெரியலைன்னு அர்த்தம்."

"அப்போ ரெண்டு பக்கமும் எனக்குத்தான் அடியா?" என்றான் கொழுந்தன், சிரிப்பது மாதிரி.

சின்னக்கை கதவுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. குழாயடிக்குப் போய்ச் சோப்பு தடவிக்கொண்டு வந்தால் கண்ணாடி ஒரு வாரமோ இரண்டு வாரமோ நிற்கும், பிறகு விழும், தம்பிக்கு வேலை போகும். சோப்பில்லாமல் வெறுங்கையை விட்டு, அது நுழைந்து, கண்ணாடி நின்றுவிட்டால் இன்றைக்கே போகும். வாயைத் திறந்தால் தன் இருபத்திரண்டு வருஷம் போகும். இது மூன்றும் மூன்று பக்கம் இழுக்க, அவள் செய்தது என்ன தெரியுமா? ஒன்றும் யோசிக்காமல் வெறுங்கையை ஓட்டைக்குள் விட்டாள். குழாயடிக்குப் போக முதலாளி கண்ணெதிரில் அவளுக்குத் தைரியம் வரவில்லை என்பதுதான் உண்மை. பிறகு அவளே என்னிடம் சொன்னாள்.

கொழுந்தன் துடைத்தான். ஒரு துணி, இன்னொரு துணி, மூன்றாவது துணி. அப்புறம் கண்ணாடியைத் தூக்கிச் சட்டத்துக்குள் நிறுத்தினான். முதலாளி குனிந்து ஓரத்தைப் பார்த்துத் தலையாட்டினார்.

உள்ளே கை விரல் முட்டி வரை போய் நின்றது. கட்டை விரலை உள்ளங்கைக்குள் மடக்கி, தோளைத் திருப்பி, மூச்சைப் பிடித்து அழுத்தினாள். தகட்டின் விளிம்பு தோலைச் சீவியது. கத்தாமல் பல்லைக் கடித்துக்கொண்டாள். சடக்கென்று ஒரு சத்தம் அவளுக்கு மட்டும் கேட்டது, கை உள்ளே போய்விட்டது. விரல் நுனியில் போல்ட் தட்டுப்பட்டது. சின்ன ஸ்பேனரை பக்கத்திலிருந்த இன்னொரு ஓட்டை வழியாக இடது கையால் உள்ளே நீட்டி வாங்கிக்கொண்டாள்.

"கொஞ்சம் முன்னாடி" என்றாள்.

கொழுந்தன் கண்ணாடியை ஒரு நூல் முன்னால் நகர்த்தினான்.

"போதும். அசையாதே."

கால் சுற்று, கால் சுற்றாக முடுக்கினாள். ரொம்ப முடுக்கினால் கண்ணாடி பொடிப்பொடியாகிவிடும், குறைந்தால் விழும். அந்த அளவு விரலுக்குத்தான் தெரியும். வீங்கிய விரலுக்கு அன்று பாதிதான் தெரிந்தது. இருந்தாலும் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்திவிட்டாள். ஆச்சு என்றாள்.

முதலாளி எழுந்தார். கண்ணாடியின் மேல் ஓரத்தில் இரண்டு கையையும் வைத்து, உடம்புப் பாரத்தை எல்லாம் கொடுத்து அழுத்தினார். இரும்பு மாதிரி நின்றது. மறுபடியும் அழுத்தினார். ஒரு நூல்கூட இறங்கவில்லை. அவர் கொழுந்தன் பக்கம் திரும்பினார்.

"தொடைச்சா நிக்குது, பாத்தீங்களா? எங்க அப்பா காலத்து ஆளு, இந்த அக்காவோட கொழுந்தன்னு இத்தனை நாள் பொறுத்தேன். அன்னிக்கு அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆயிருந்தா யார் பதில் சொல்றது? நாளையில இருந்து வர வேண்டாம்."

கொழுந்தன் கண்ணாடியைப் பிடித்த கையை எடுக்கவில்லை. நாற்பத்தெட்டு வயது ஆள், வகுப்பில் நிற்க வைத்த பையன் மாதிரி நின்றான் என்று நர்ஸ் பிறகு சொன்னாராம்.

"கையை எடுங்கக்கா, ஏத்தி இறக்கிப் பாத்துடலாம்" என்று முதலாளி சுவிட்சில் விரல் வைத்தார்.

சின்னக்கை இழுத்தாள். கை வரவில்லை. இன்னொரு முறை இழுத்தாள். உள்ளே போன கை அதற்குள் இன்னும் வீங்கிவிட்டது. கைக்கு மேலே பிடி, கைக்குப் பக்கத்தில் தடம். சுவிட்சை அழுத்தினால் பிடி நேராக மணிக்கட்டின் மேல் இறங்கும்.

"என்னக்கா?" என்றார் முதலாளி. விரல் சுவிட்சின் மேலேயே இருந்தது.

முதலில் பார்த்தது கொழுந்தன்தான். அண்ணியின் முகத்தைப் பார்த்தான், ஒரே பாய்ச்சலில் வந்து சுவிட்சுக்குப் போகிற ஒயரைப் பிடுங்கி எறிந்தான். ஒரு நிமிஷத்துக்கு முன் வேலை போனவன். அண்ணி கை மாட்டிக்கிச்சு என்றான், அவ்வளவுதான்.

ஷெட் முழுக்க ஓடிவந்தது. ஒருவர் இழுக்கலாம் என்றார். ஒருவர் தகட்டை வெட்டலாம் என்றார். இழுக்கவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம், எல்லாரும் கொஞ்சம் தள்ளிப் போங்க என்று நர்ஸ் வந்து உட்கார்ந்தார். வெளியே தெரிந்த கையைத் தொட்டுப் பார்த்தார். சின்னக்கையின் மறு கையையும் எடுத்து முட்டிகளைப் பார்த்தார். பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. இது இன்னிக்கு வந்த வீக்கம் இல்லையே, எத்தனை மாசமா இருக்கு என்று மெதுவாகக் கேட்டார்.

முதலாளி எண்ணெய் டப்பாவைக் கொண்டுவந்தார். நாலு சொட்டு விட்டால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும் என்றார். வந்திருக்கும். எண்ணெய் விட்டிருந்தால் கை வெளியே வந்திருக்கும், கதையும் அத்தோடு மூடியிருக்கும். அவள் மட்டும் அன்று ஆமாம் என்றிருந்தால்.

"எண்ணெய் வேண்டாம்" என்றாள் சின்னக்கை. "ரப்பர்ல பட்டா பிடி வழுக்கும்."

"வழுக்கினா திரும்பத் தொடைச்சுக்கலாம். முதல்ல கை வரட்டும்."

"சோப்பு பட்டாலும் வழுக்கும்" என்றாள்.

யாருக்கும் விளங்கவில்லை. அவள் முதலாளியைப் பார்க்கவில்லை, கொழுந்தனையும் பார்க்கவில்லை. கதவுத் தகட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஆறு மாசமா எனக்குக் கை நுழையல. சோப்பு தடவித்தான் விடுறேன். தம்பி ஒழுங்காத்தான் தொடைச்சான். அவன் தொடைச்சது மேல நான்தான் சோப்பைத் தடவினேன். ரெண்டு தடவையும் கண்ணாடியை விழ வச்சது நான்."

முதலாளி டப்பாவைக் கீழே வைத்தார். பிறகு, இதுதான் விசேஷம், அவர் நம்பவில்லை.

"கொழுந்தனைக் காப்பாத்த நீங்க இதுவும் சொல்லுவீங்க, இதுக்கு மேலயும் சொல்லுவீங்க. உங்க வீட்டுப் பாசம் எனக்குத் தெரியாதாக்கா?"

"காலையில கழட்டின ரப்பர் தட்டுல கிடக்கு" என்றாள். "தண்ணியில போட்டுக் கசக்கிப் பாருங்க."

கொழுந்தன்தான் எடுத்தான். ஒரு தம்ளர் தண்ணீரில் அந்த ரப்பர் இரண்டையும் போட்டு, உள்ளங்கையில் வைத்துக் கட்டை விரலால் தேய்த்தான். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு வெள்ளையாக, மெல்லிசாக நுரை எழுந்தது. விரல் இடுக்கில் வழிந்தது. கையை யாரிடமும் நீட்டிக் காட்டவில்லை. தானே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அண்ணியிடம், "மூணு தடவ கேட்டேன் உங்ககிட்ட" என்றான். குரலை உயர்த்தவில்லை. கையைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு வாசல் பக்கம் போய்த் தூறலில் நின்றான்.

நர்ஸ் தன் பெட்டியிலிருந்து குளிர்ந்த பை ஒன்றை எடுத்து ஓட்டை ஓரமாக மணிக்கட்டில் வைத்துக் கட்டினார். முழங்கையை மேலே தூக்கித் தன் தோளில் தாங்கிக்கொண்டார். பதினைந்து நிமிஷம் யாரும் தொடக் கூடாது என்றார். யாருடைய கண்ணாடி நடுரோட்டில் விழுந்ததோ அவர் தோளிலேயே இவள் கை கிடந்தது. வலியைவிட அதுதான் தாங்க முடியவில்லை என்று சொல்வாள். மன்னிச்சுக்குங்க என்று முணுமுணுத்திருக்கிறாள். நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "அன்னிக்குப் பின்னால லாரி வந்திருந்தா இதைக் கேக்க நான் இருந்திருக்க மாட்டேன்" என்றார். ஆனால் தோளை நகர்த்தவில்லை.

பதினேழாவது நிமிஷம் கை வந்தது. இரண்டு முட்டியில் தோல் இல்லை. நர்ஸ் கட்டுப் போட்டார். அப்புறம்தான் ஒயரை மாட்டிச் சுவிட்சைப் போட்டார்கள். கண்ணாடி பத்து முறை ஏறி இறங்கியது, குறையில்லை. நர்ஸ் புறப்படும்போது மணி பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிஷம். அந்த முட்டிகளுக்கு ஒரு டாக்டரைப் பார்க்கச் சொல்லி, ஒரு துண்டுச் சீட்டில் விலாசம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

முதலாளி ஸ்டூலில் மறுபடியும் உட்கார்ந்தார். இப்படி எத்தனை கதவு என்று கேட்டார்.

"பத்தொன்பது."

வாய்க்கு வந்ததைச் சொல்கிறாள் என்று நினைத்தார். அவள் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். பல் டாக்டரின் வெள்ளை வண்டி, பின்னால் இடது பக்கம். வாடகைக் கார் ஓட்டும் அண்ணன் தம்பிகளின் இரண்டு வண்டி. புதுசாகக் கல்யாணமானவர்களின் சிவப்பு வண்டி, பின்னால் வலது. எங்கள் குடும்பத்தில் யாருக்கு யார் என்ன முறை என்று கேட்டாலும் அவள் அப்படித்தான் சொல்லுவாள், மூச்சுவிடாமல். முதலாளி ஒரு தாளை எடுத்து எழுதிக்கொண்டார். எல்லா வண்டியையும் கூப்பிட்டுத் திரும்பத் துடைத்து மாட்ட வேண்டும் என்றார். கொழுந்தனைக் கூப்பிட்டு, நாளைக்கு வாங்க என்றார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை, ஆனால் ஸ்டூலை அவனுக்குத் தள்ளிப் போட்டார்.

"நீங்க போன் பண்ணுங்கக்கா" என்றார் சின்னக்கையிடம். "இந்தத் தடவ வந்த ரப்பர் சரியில்ல, மாத்தித் தர்றோம்னு சொல்லுங்க. சோப்புக் கதையெல்லாம் வெளிய வேண்டாம். ஷெட் பேரு கெட்டுடும்."

அவள் தலையாட்டவில்லை. "ரப்பர்னு சொன்னா அதைத் தொடைச்சவன் யாருன்னு கேப்பாங்க" என்றாள். "பழையபடி இவன் தலையிலதான் வந்து விடியும். நான் தப்பு பண்ணிட்டேன்னு சொல்லியே கூப்பிடுறேன். வேண்டாம்னா இப்பவே என்னை அனுப்பிடுங்க."

முதலாளி தாளையும் போனையும் அவள் பக்கம் நகர்த்தினார்.

முதல் போன் பல் டாக்டருக்கு. அவள் சொன்னதைக் கேட்டு அந்த மனிதர் சிரித்துவிட்டார். இரண்டாவது ஆள் கண்டபடி திட்டினார். மூன்றாவது ஆள், உண்மையைச் சொன்னதற்கு நன்றி, ஆனால் வண்டியை வேறு இடத்தில் பார்த்துக்கொள்கிறேன் என்று வைத்துவிட்டார். அவர் வீட்டுக்கே போய் வாசலில் நின்று கெஞ்சி வண்டியை எடுத்துவந்தார்கள். மூன்று வாரம் இதே வேலை. சின்னக்கைக்கு இனி ஓட்டைக்குள் கை விடக் கூடாது என்று முதலாளி கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் வேலை மாறிவிட்டது. அவள் துடைத்துப் பிடிக்கிறவள், கொழுந்தன் முடுக்குகிறவன். அவன் மண்வெட்டிக் கை எந்த ஓட்டையிலும் நுழையாது. எனவே மற்ற ஷெட்டுகளைப் போல உள்தகட்டைக் கழற்றி, அரை நாள் உட்கார்ந்து செய்தான். பொறுமையாகத்தான் செய்தான். கவனம் இல்லாதவன் என்று சொன்னவர்கள் எல்லாம் அதைப் பார்த்தார்கள்.

அந்த மூன்று வாரமும் அவன் அவளிடம் வேலைக்கு வேண்டிய வார்த்தை மட்டும் பேசினான். மேல, கீழ, நேரா, போதும். மதியச் சாப்பாட்டைத் தனியாக எடுத்துக்கொண்டு போய்ச் சாப்பிட்டான். அவள் கேட்கவும் இல்லை, சமாதானம் சொல்லவும் இல்லை. அவன் சம்சாரம் என்னிடம் வந்து, நீங்களாவது நடுவில் பேசுங்களேன் என்றாள். நான் பேசவில்லை. நான் போய் என்ன பேச? கோபப்பட அவனுக்கு நியாயம் இருந்தது.

பதினெட்டுக் கதவு முடிந்தது. பத்தொன்பதாவது அந்தப் புதுக் கல்யாண ஜோடியின் சிவப்பு வண்டி. அவர்கள் வீடு மாறிப் போய்விட்டார்கள், வண்டியையும் யாருக்கோ விற்றுவிட்டார்கள். வாங்கியவர் வேறு ஒருவருக்குக் கைமாற்றிவிட்டார். அங்கே போனால் இங்கே என்றார்கள், இங்கே வந்தால் தெரியாது என்றார்கள். முதலாளி போதும் விடுங்க என்றார். அன்று ஷெட்டைப் பூட்டிக்கொண்டு இருவரும் பஸ் நிறுத்தத்தில் நின்றபோது சிக்னலில் ஒரு சிவப்பு வண்டி வந்து நின்றது. பின்னால் வலது கண்ணாடி முழுக்க ஏறியிருந்தது. உள்ளே ஒரு சின்னப் பெண் கன்னத்தை அதில் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

சின்னக்கை ரோட்டில் காலை வைத்துவிட்டாள். கொழுந்தன் அவள் தோளைப் பிடித்து நிறுத்தினான்.

"நம்பரைப் பாருங்க. அது இல்ல" என்றான். பச்சை விழுந்து வண்டி போய்விட்டது. அவன் பிடித்த கையை எடுக்கவில்லை. "நீங்க இந்தப் பக்கம் பாருங்க, நான் அந்தப் பக்கம் பாக்குறேன். எங்கயாவது ஓடிக்கிட்டுத்தானே இருக்கும்."

இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். போன மாதம் என்னைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனபோதுகூட, பஸ்ஸில் அவள் ஒரு ஜன்னலோரம், அவன் எதிர் ஜன்னலோரம். நான் பேசப் பேச இரண்டு பேரும் ம் கொட்டிக்கொண்டே ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.